பூட்டு சாரின் கேள்வித்தாள்

மார்ச் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் தரைத்தள அறிவிப்புப் பலகையில் ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று கையால் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டது. பன்னிரண்டாம் தேதி, இயற்கைச் சாயங்கள் பற்றிய கருத்தரங்கு. பதினாறாம் தேதி, இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு. பதினேழாம் தேதி, கலைவிழா: பாட்டு, நாடகம், கண்காட்சி. அடியில், விழாவுக்குத் தேவையானவை என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: நாற்காலி இருநூறு, ஒலிபெருக்கி இரண்டு, ஆறு வயது அளவில் தலையுள்ள பொம்மை முப்பது, மழைமேகம் வரைந்த திரை ஒன்று, பூச்சாடி எட்டு. அதற்கும் கீழே கையெழுத்து, முத்திரை.

பதினாறாம் தேதி தேர்வுக்கூட வாசலில் நின்று, தேர்வு அதிகாரி ஒவ்வொரு மாணவியின் தையல் பெட்டியையும் சோதித்தார். அவருக்கு மாணவிகள் வைத்த பெயர் பூட்டு சார். பீரோவுக்கு இரண்டு பூட்டு, மேசைக்கு ஒன்று, டீ ஃபிளாஸ்க் இருக்கும் அலமாரிக்கும் ஒன்று போட்டவர். கேள்வித்தாளை வீட்டில் உட்கார்ந்து தானே எழுதி, கவரில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவில் பூட்டியிருந்தார்.

முதல் பெட்டியில் குண்டூசி இல்லை, கிளிப்புகள் இருந்தன. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். இரண்டாவதிலும் கிளிப். மூன்றாவதில் கிளிப்போடு, துணி வெட்டுவதற்காக அளவெடுத்து மடித்து வைத்த பேப்பர் கட்டிங். விரித்துப் பார்த்தார். சின்னக் கை, சின்ன உடம்பு, கூடவே தலையை மூடும் தொப்பி. மற்றப் பெட்டிகளையும் அவசரமாகத் திறந்தார்.

அரக்கு உடையாத கவருக்குள் இருந்தது ஒரே கேள்விதான்: ஆறு வயதுக் குழந்தைக்குத் தலையை மூடும் தொப்பியுடன் மழைக்கோட்டு தைக்கவும். மழைக்கோட்டுத் துணியில் குண்டூசி குத்தினால் ஓட்டை விழும், தண்ணீர் இறங்கும். துணியைச் சேர்த்துப் பிடிக்கக் கிளிப்தான் போடுவார்கள்.

முப்பது பெட்டியிலும் கிளிப்.

முதல்வர் தேர்வை நிறுத்தினார்.

“பீரோவுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு மேடம். ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு குமாஸ்தா அம்மாகிட்ட.”

“நாலு மணிக்குள்ள யாருன்னு தெரியணும். யாரா இருந்தாலும் மெமோ கொடுத்து வேலையை விட்டு நிறுத்திடுவேன்.”

பூட்டு சாருக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. நாலு நாளாக மாணவிகள் குமாஸ்தாவின் மேசையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். “அக்கா, வந்துடுச்சா?” என்று ஒருத்தி கிசுகிசுத்ததையும், “இன்னும் இல்லடி, வந்தா சொல்றேன்” என்று குமாஸ்தா சிரித்ததையும் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

பதினோரு வருடமாகியும் குமாஸ்தாவின் வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதம் ஆக இருந்தது. மெமோ வந்தால் அதோடு சரி. அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவரும் அவர் ஒருவர்தான் என்பதால், மெமோவை அவரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று.

“இதை அடிச்சுக் கொடுங்கம்மா.”

குமாஸ்தா வாசித்தார். “‘கேள்வித்தாள் விவரத்தை மாணவிகளுக்குத் தெரியப்படுத்திய குற்றத்துக்காக...’ யாருக்கு சார் இது?”

“அது உங்களுக்கே தெரியும்.”

“எனக்கா? அந்த பீரோவைத் திறந்தா தெருக்கோடி வரைக்கும் கிரீச்சுங்கும். பக்கத்து சீட்டுல இருக்கற உங்க காதுல விழுந்திருக்காதா?”

“நான் இல்லாத நேரமாப் பார்த்திருப்பீங்க.”

“நீங்க எப்ப சார் இல்லாம இருந்தீங்க? சாப்பாடுகூட பீரோவுல சாய்ஞ்சுக்கிட்டுதானே சாப்பிடறீங்க?”

பூட்டு சார் தட்டச்சு மெஷினைக் கை காட்டினார். குமாஸ்தா அடித்து முடித்தார். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை வந்தது. வழக்கமாக அவருக்கு வராது.

“‘பெறுநர்’ இடத்தைக் காலியா விட்டிருக்கேன் சார். என் கையால அதையும் அடிக்க மனசு வரலை. விசாரிச்சுட்டு வாங்க.”

சாட்சி வேண்டுமே. வகுப்புத் தலைவியைக் கூப்பிட்டார்.

“யார் சொன்னாங்கன்னு எழுதிக் கொடு. குமாஸ்தா அம்மாதானே?”

“ஐயோ, அக்காவை ஏன் சார் இழுக்கறீங்க? சொன்னா எங்களை ஃபெயில் பண்ணிட மாட்டீங்களே?”

“உண்மையை எழுதினா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

அவள் வெளியே போய் ஒரு மடித்த தாளோடு வந்தாள். பின்பக்கம் நாலைந்து வரி எழுதி நீட்டினாள். “படிச்சுப் பார்த்துடுங்க சார். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.”

“சாட்சிக் காகிதத்தை முதல்வர்தான் பிரிக்கணும். அதான் முறை” என்று சொல்லி, கண்ணெதிரிலேயே கவரில் போட்டு அரக்கு வைத்தார்.

மூன்று ஐம்பதுக்குக் கவரும் மெமோவும் முதல்வரின் மேசையில் இருந்தன.

“நான்கூட இன்னும் பார்க்கலை மேடம். முத்திரையை நீங்களே உடைங்க.”

முதல்வர் உடைத்தார். பின்பக்கத்தைப் படித்தார். திருப்பி முன்பக்கத்தையும் படித்தார்.

“சார், இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?”

அது ஒன்பதாம் தேதி ஒட்டிய நிகழ்ச்சிப் பட்டியல். பின்னால் குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: ‘பரீட்சையில் தைத்ததைத்தான் வருடாவருடம் கண்காட்சியில் பொம்மைக்கு மாட்டுவீர்கள். நாங்கள் முப்பது பேர், பொம்மையும் முப்பது. ஆறு வயது அளவு. சட்டை, கவுன் என்றால் கழுத்தோடு நிற்கிற பொம்மையே போதும். சார் தலையோடு கேட்டிருக்கிறார். பின்னால் மழைமேகம் வேறு. பொம்மை வந்துவிட்டதா என்று மட்டும்தான் அக்காவிடம் கேட்டோம்.’

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குக் குமாஸ்தா மெமோவை மறுபடி மெஷினில் ஏற்றி, காலியாக விட்டிருந்த இடத்தில் ‘தேர்வு அதிகாரி’ என்று பிழையில்லாமல் அடித்தார்.