விட்டுட்டேன்னு சொல்லிடுங்க

தெருமுனை பாரில் சனிக்கிழமை மாலைகளில் பாட்டு உண்டு. பாடுகிறவளின் கணவர் அங்கேயே கிடார் வாசித்தவர். குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு, போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவரைத் தூக்கிச் சென்றவர்களில் பார் முதலாளியும் ஒருவர்.

நேற்று அவள் பாடிக்கொண்டிருந்தபோது இறந்துபோன கணவர் உள்ளே வந்து முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தார். முதலாளி பழக்கதோஷத்தில் பிராந்தியை எடுத்தார்.

“அது வேணாம்ணே. எலுமிச்சை சோடா குடுங்க. நான் விட்டுட்டேன்.”

“எப்பலேருந்து?”

“கொஞ்ச நாளாச்சு. அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டா.”

பாதி குடித்தார். விரலால் மேஜையில் தாளம் போட்டபடி பாட்டைக் கேட்டார். எல்லோரும் கைதட்டியபோது அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

முதலாளி அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை. மீதமிருந்த கிளாஸை எடுத்து, கல்யாணமான நாளிலிருந்து செய்துவந்ததுபோல் முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசனை மட்டும்தான்.

“எத்தனையோ தடவை விட்டுட்டேன்னு சொல்லியிருக்காருண்ணே. இந்தத் தடவைதான் நெஜம்.”

அவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்பவள், நேற்று கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தாள்.