நடு நாற்காலி

"ராமக்காதான் நடுவுல உக்காருவா. இஷ்டமில்லாதவங்க அவங்கவங்க பிள்ளைய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

ராஜமேரி டீச்சர் போட்ட சத்தத்தில் புளியமரத்தடியில் நின்ற பிள்ளைகள் கப்சிப் ஆனார்கள். முழுப் பரீட்சை முடிந்த அன்று ஐந்தாம் வகுப்பைப் படம் எடுத்து, கண்ணாடி போட்டு, ஹெட்மாஸ்டர் அறைச் சுவரில் மாட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம்.

ராமக்கா வத்தல்மலைக்காரி. மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளில் ஐந்தாவது வரை தாக்குப்பிடித்தது அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் கேலி தாங்காமல் ஆடு மேய்க்கப் போய்விட்டார்கள்.

"என்னங்க டீச்சர் இது?" என்று முன்னால் வந்தார் மாரப்பன். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர். அவர் மகளும் இதே வகுப்புதான். "மலைக்காரப் புள்ள நாற்காலியில உக்காந்திருக்க, எம்பொண்ணு அது பக்கத்துல நிக்கறதா? நாளைக்குச் சுவத்துல பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

"எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதானுங்க. நீங்க கொஞ்சம் பொறுங்க."

மாரப்பன் டீச்சரை முறைத்துப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, கையைக் கட்டிக்கொண்டு மரத்தோரம் ஒதுங்கி நின்றார். ஓடு போட்டுக் கொடுத்தவரையே அடக்கிவிட்டாரே என்று ஹெட்மாஸ்டர் ஞானராஜுக்கு ஆச்சரியம். அவருக்கு அந்தத் தைரியம் ஒருநாளும் வந்ததில்லை.

ராமக்கா நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புதுப் பாவாடை கசங்கிவிடுமோ என்ற பயம் வேறு. டீச்சரே வந்து அவள் தோளைப் பிடித்து நன்றாகச் சாய்த்து உட்கார வைத்தார். விலகி நின்ற மாரப்பனின் மகளையும் டீச்சரே இழுத்து, "ஒட்டி நில்லு" என்று பக்கத்தில் நிறுத்தினார்.

விடுமுறைக்கு மகளை மலைக்குக் கூட்டிப்போக வந்திருந்த மல்லையன் எட்ட நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பாட்டில் தேனும் ஒரு பை சாமையும். டீச்சர் அருகில் வந்ததும் இரண்டையும் நீட்டினான்.

"டீச்சரம்மா, கீழ நம்ம புள்ளைங்கள வாசல்லதான் உக்கார வெப்பாங்கன்னு மலையில பேசிக்கறாங்க. எம் பொண்டாட்டியே நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. இந்தப் போட்டாவக் கொண்டுபோயிக் காட்டுனா, இன்னும் நாலு புள்ளைங்க எறங்கி வருமுங்க."

"உங்களுக்கு ஒண்ணு தனியா எடுத்து வைக்கறேன் மல்லையா. லீவு முடிஞ்சு வந்து வாங்கிக்குங்க" என்றார் டீச்சர், இரண்டையும் வாங்கிக்கொண்டு.

தர்மபுரியிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் சவரி, கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மஞ்சள் அட்டை டப்பா மல்லையனின் கண்ணில் பட்டது.

"அது என்னங்க?"

"ஃபிலிமுங்க. இதுலதான் படம் விழும். துளி வெளிச்சம் பட்டாலும் அவ்வளவுதான், எல்லாம் வீணாப்போயிடும்."

தன்னால் ஏதாவது கெட்டுவிடப் போகிறதே என்று மல்லையன் பயந்து இரண்டடி பின்னால் போனான். சவரி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்து ராமக்காவின் முகவாயை லேசாக நிமிர்த்திவிட்டுப் போனார்.

"டீச்சர், போட்டாவுல நான் தெரிவேனுங்களா?" என்று கேட்டாள் ராமக்கா.

"நடுவுல உக்காந்தவ தெரியாமப் போவாளா? கண்ணை மூடாம நேராப் பாரு."

ராமக்கா பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டும் வரைக்கும் இமைக்கவேயில்லை. 'டக்' என்று சத்தம் கேட்டதும்தான் மூச்சு விட்டாள். அவள் சிரித்து அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பல் தெரியச் சிரித்தாள்.

"இருட்டறதுக்குள்ள மலையேறணுமில்ல? கிளம்புங்க, கிளம்புங்க" என்று டீச்சர் அவசரப்படுத்தினார்.

மல்லையன் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிட்டான். "சாமி மாதிரி செஞ்சீங்க டீச்சரம்மா." மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ராமக்கா திரும்பித் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பாதை வளைந்து இருவரும் மறையும் வரை ராஜமேரி டீச்சர் கையசைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கலையப் பார்த்தார்கள்.

"யாரும் நகரக் கூடாது. அப்படியே நில்லுங்க."

மாரப்பன் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு வந்தார். தோள் துண்டை எடுத்து நடு நாற்காலியை அழுத்தித் துடைத்து, மகளை அதில் உட்கார வைத்தார். ஹெட்மாஸ்டர் ஒன்றும் புரியாமல் டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் தேன் பாட்டிலைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இப்ப ஃபிலிமை மாட்டுங்க, சவரி."