எதிர்வீட்டுப் பச்சை விளக்கு

எங்கள் குடியிருப்பில் பெண்களுக்கெல்லாம் ரத்தம் பார்க்கும் வளையல் கொடுத்திருக்கிறார்கள். ரத்தம் குறைந்தால் வாசல் விளக்கு சிவப்பாகும், ரத்த நிபுணரிடம் வளையலே நேரம் வாங்கிவிடும், அவள் தேறும்வரை வீட்டு அடுப்பு அவள் கைக்குப் பற்றாது.

எதிர்வீட்டுச் சுகிர்தத்தின் விளக்கு எப்போதும் பச்சைதான். ஆனால் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். ரத்தம் குறைந்தவர்களைப் போலப் பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாள். நானாகப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது.

அன்று அவள் கணவர் பாக்கியநாதன் துணி உலர்த்தக் கையைத் தூக்கினார். சட்டைக்குள் வளையல்!

"என்ன அண்ணாச்சி, வளைகாப்பா?"

"தோள்வலிக்கு நல்லதுன்னு அவதான் போட்டுவிட்டா."

அது ரத்தம் பார்க்கும் வளையல், வாசலில் பச்சை எரிவது அவர் ரத்தத்துக்குத்தான் என்று சொன்னேன். மனிதர் ஈரத்துணியோடு உள்ளே ஓடினார். நானும்தான்.

"அடுப்பு எனக்குப் பத்தலைன்னா உங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா?" என்று அழுதாள் சுகிர்தம். "உப்பு எதுல இருக்குன்னே தெரியாது உங்களுக்கு!"

அவர் வளையலைக் கழற்றி அவள் கையில் போட்டார். விளக்கு சிவந்தது.

"கீரை மட்டும் போதாதும்மா, ரத்தம் எங்க போகுதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்" என்ற நிபுணர், மறுநாளே இரும்புச்சத்தை ஊசிவழி ஏற்றத் தொடங்கினார்.

இப்போது பாக்கியநாதன்தான் சமையல். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை தட்டருகிலேயே நிற்கிறார். நேற்று என் கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, அவ தூங்குறா, எழுப்ப மனசில்ல. எங்க வீட்டு உப்பு எதுல இருக்கு?"

எனக்குத் தெரியாதா என்ன!