ஊதா வெளிச்சம்

"ஒரே அடி லா! செருப்பால போட்டதுல நொறுங்கிப் போச்சு."

போனில் லோகேஸ்வரிக்கு மூச்சு வாங்கியது. ரவாங்கில் வேலையில் இருந்த தம்பி குருவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அக்கா வீட்டு அறையில் அவன் டப்பாவில் வளர்த்த மஞ்சள் தேள் காலையில் தப்பியிருந்தது. அது கொட்டினால் கைக்குழந்தை தாங்காது.

"எப்படிக்கா கண்டுபிடிச்சே?"

"நீ சொன்ன மாதிரி ஜன்னலைச் சாத்திட்டு ஊதா லைட்டை அடிச்சேன். அலமாரிக்கு அடியில பச்சையா மின்னுச்சு. இனிமே தேள் வளர்த்தே, உன்னையும் டப்பாவுல அடைச்சிடுவேன்!"

"சாரிக்கா. தரையெல்லாம் பிசுபிசுன்னு இருக்குமே, துடைச்சிட்டியா?"

"ஒரு சொட்டு ஈரம் இல்லடா. அப்பளம் மாதிரி வெறும் ஓடுதான்."

குருவின் குரல் இறங்கியது.

"அக்கா... அது உரிச்சுப் போட்ட தோல். புதுசா தோல் உரிச்ச தேள் அந்த லைட்டுல மின்னாது. துணி மடிப்பு கிடைச்சா உள்ள போய் ஒளிஞ்சுக்கும். பாப்பா எங்க?"

"தூங்குது. அலமாரி பக்கத்துல கீழே கிடந்த சாரோங் துணியை எடுத்துத்தான் தொட்டில் கட்டினேன்..."

தொட்டில் ஸ்பிரிங் கிறீச்சிடுவது போனில் கேட்டது.

"ஆட்டாதக்கா! பாப்பாவை மெதுவா வெளிய தூக்கு. அக்கா? பாப்பாவைத் தூக்குக்கா..."