பாட்டின் நடுவே ஓர் இழுவை

வெயிலில் காய்ந்த போர்வையை அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மொட்டைமாடியில் மடிக்கிறோம். "மெதுவா இழுடி, நான் கீழே விழுந்தா உங்க மாமாவுக்கு யாரு சோறு போடுவா?" என்று சிரிக்கிறாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்தப் பழைய காதல் பாட்டு தொடங்குகிறது. என் கணவர் காதலித்த நாட்களில் எனக்காகப் பாடியது. பல்லவி முடிந்ததும் "ம்ம்ஹூம்" என்று சொந்தமாக ஓர் இழுவை சேர்ப்பார். "இது உனக்கு மட்டும்" என்பார். இன்று அந்த இடம் வந்ததும், கண்ணைச் சுருக்கியபடி, அக்கா அதே இழுவையை முனகுகிறாள். என் கையிலிருந்த முனை நழுவுகிறது. "பாட்டுல அது கிடையாதேக்கா." அவள் முகம் வெளுக்கிறது. குனிந்து போர்வையைத் தட்டுகிறாள். "எப்பவோடி... உன் கல்யாணத்துக்கு முன்னாடி." "நானும் கல்யாணத்துக்கு முன்னாடிதான்க்கா கேட்டேன்."