அறுபதைத் தாண்டினால் ஆடும் வேன்

திருடிய வண்டியைத் திருடனே ரிப்பேருக்கு விட்ட கதையை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பூனைக்கும் அன்று காலை வரை நம்பிக்கை இல்லைதான்.

பூனை என்பது அவனுடைய தொழில் பெயர். சத்தமில்லாமல் வருவான், வண்டியோடு போவான். விடியற்காலையில் ஒரு தெருமுனையில் நின்ற வெள்ளை வேனை அப்படித்தான் எடுத்தான். சாவி வண்டியிலேயே தொங்கியது. பூனைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கற்ற வித்தையைக் காட்ட இடமில்லாமல் போய்விட்டதே!

வருத்தம் மெயின் ரோடு வரைதான் நீடித்தது. வேகம் அறுபதைத் தொட்டதும் வேன் ஆட ஆரம்பித்தது. சாதாரண ஆட்டமில்லை. கண்ணாடியில் தெரிந்த பூனையின் முகத்துக்கு நாலு மூக்கு இருந்தது. பல் கிடுகிடுவென்று தந்தி அடித்தது.

திருட்டு வண்டி வாங்கும் மொட்டை, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

“இதை எவன் தலையில கட்டுறது? ஆட்டத்தை நிறுத்திட்டு சாயங்காலத்துக்குள்ள கொண்டு வா. இல்லேன்னா இனிமே என் வாசல்பக்கம் வராதே.”

மொட்டையை விட்டால் பூனைக்கு வேறு போக்கிடம் கிடையாது. நம்பர் பிளேட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, ஊர்க்கோடியில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியை விட்டான்.

விட்ட பிறகுதான் பார்த்தான். உள்ளே ஸ்டூலில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஸ்கூட்டர் பக்கத்தில் பிரித்துப் போடப்பட்டிருந்தது.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வேனை முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பூனையை மேலும் கீழும் பார்த்தார்.

“யார் வண்டி தம்பி?”

“என்... என்னோடதுதாண்ணே.”

“வாங்கி ரொம்ப நாளாச்சோ?”

“இல்லண்ணே, இப்பத்தான்.”

“அதானே பாத்தேன்” என்றார் மெக்கானிக். “ஏறுங்க, ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துடலாம். சார், நீங்களும் வாங்களேன். சும்மாதானே உக்காந்திருக்கீங்க?”

பூனை நடுவில் மாட்டிக்கொண்டான். ஒரு பக்கம் மெக்கானிக், மறுபக்கம் போலீஸ்காரர். வேன் நேராக போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் ரோட்டில் திரும்பியது.

“இ... இந்தப் பக்கம் எதுக்குண்ணே?”

“நீளமான ரோடு இது ஒண்ணுதான் தம்பி. ஏன், வேர்க்குதா?”

ஸ்டேஷன் வாசலில் வேன் அறுபதைத் தொட்டது. மூன்று பேரும் ஒரே தாளத்தில் ஆடினார்கள். போலீஸ்காரர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெக்கானிக் கியரை நியூட்ரலில் தள்ளினார். இன்ஜின் சத்தம் அடங்கியது, ஆட்டம் அடங்கவில்லை.

“இன்ஜின் இல்லை. ஸ்டீயரிங் ஆடல, அதனால முன் டயரும் இல்லை. சீட்டுக்கு அடியில இருந்துல்ல வருது!” என்று சந்தோஷப்பட்டார். அவர் ஸ்டேஷன் பக்கம் திரும்பவே இல்லை என்பதில் பூனைக்கும் சந்தோஷம்.

ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அடியில் போனார். பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டைப் பிடித்து ஆட்டினார். பின்முனை கெட்டியாக இருந்தது. கியர்பாக்ஸுக்குள் நுழையும் முன்முனை மட்டும் ‘களக் களக்’கென்று மேலும் கீழும் போய் வந்தது. அங்கிருந்து ஆயிலும் சொட்டியது.

“சார், கொஞ்சம் டார்ச் அடிங்க.”

போலீஸ்காரர் குனிந்து டார்ச் அடித்தார். ஒரு போலீஸ்காரரின் டார்ச் வெளிச்சம் தன்மேல் விழாமல் தனக்காக விழுவதைப் பூனை அன்றுதான் பார்த்தான்.

தண்டைக் கழற்றி, ஆயில் சீலைப் பிடுங்கி, உள்ளேயிருந்த புஷ்ஷை வெளியே இழுத்தார் மெக்கானிக். மோதிரத்துக்கு அண்ணன் மாதிரி ஒரு வளையம். ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து வெங்காயச் சருகாகியிருந்தது.

“இந்தச் சனியன்தான். இவ்வளவு இடைவெளி இருந்தா தண்டு ஆடாம என்ன செய்யும்?”

“சும்மா தட்டி உக்கார வச்சுக் குடுத்துடுங்கண்ணே, போதும். அவசரம்.”

“அந்தப் பேச்சே பேசாதீங்க. நான் கை வச்ச வண்டி திரும்பி வரக்கூடாது.”

புது புஷ்ஷின் ஆயில் ஓட்டையை கியர்பாக்ஸின் மேலேயுள்ள ஓட்டைக்கு நேராகப் பார்த்து, பார்த்து, மறுபடி பார்த்துப் பொருத்தினார். அந்த ஓட்டை அடைபட்டால் எண்ணெய் வராதாம், பத்தே நாளில் பழைய குருடி கதவைத் திறடி ஆகிவிடுமாம். மனிதர் சொந்த வண்டிக்குக்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார். பூனைக்கோ ஒவ்வொரு நிமிடமும் ஒரு ஆயுள் தண்டனை. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ? ஸ்டேஷனில் இருந்து ஜீப் வரும்வரை தன்னை உட்கார வைக்கிற வேலையோ?

புது சீலும் ஏறியது, தண்டும் ஏறியது. மறுபடி அதே ரோடு, அதே ஸ்டேஷன் வாசல். வேன் எண்பதில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. போலீஸ்காரருக்குத் தூக்கமே வந்துவிட்டது.

பூனை பேரம் பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு ஏறினான். போலீஸ்காரர் ரோட்டில் இறங்கி, எதிரே வந்த லாரியை நிறுத்தி, “வா... வா... ஒடிச்சு வா” என்று கையாட்டி வழி பண்ணிக் கொடுத்தார்.

வேன் கண்ணைவிட்டு மறைந்தது. போலீஸ்காரரும் ஸ்கூட்டரில் கிளம்பிப் போனார். மெக்கானிக் போனை எடுத்தார்.

“மாப்ளே, உன் மாமனார் ஆசையாக் குடுத்த வேனை விக்கவும் முடியாம, நிறுத்த இடமில்லாம வச்சுக்கவும் முடியாம, சாவியோட தெருமுனையில விட்டியே, கவலையை விடு... இந்தத் திருடன் முந்தின ரெண்டு பேரு மாதிரி ‘ஆடுது’ன்னு உன் வாசல்லயே கொண்டாந்து விட்டுட்டுப் போக மாட்டான், நானே புஷ் மாத்தி அனுப்பி வச்சிருக்கேன்!”