துணி தாங்காது

சரக்... சரக்...

கொல்லைப் பக்கம் மறுபடியும் அதே சத்தம். கரண்ட் போய் வீடு இருட்டிக் கிடந்தது. என் கணவர் ஜூட்டுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் நைட் டூட்டி. கைக்குழந்தையோடு நான் தனியாக.

பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, போடத்தான் முடியாது. பின்னாலிருக்கும் ரைஸ் மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் எங்கள் சுவரோரம் தேங்கித் தேங்கி, கதவு உப்பிப்போய்விட்டது. கயிற்றால் கட்டித்தான் வைப்போம். நாற்றமோ, குழந்தை பால் குடிக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பொறுக்க முடியாமல், போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக மில்லுக்குப் போய்விட்டேன். முதலாளி அனந்தராஜ் நயினார். சமணர்.

"பூச்சி கீச்சி செத்துடக் கூடாதுன்னு குடிக்கிற தண்ணிய வெள்ளைத் துணியில வடிகட்டித்தான் குடிப்பீங்களாம். எங்க வீட்டுப் பக்கம் விடறத மட்டும் ஏன் வடிகட்டறதில்ல?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்துதான் இந்தச் சத்தம்.

"கான்வென்ட்ல படிச்ச வாயி, சும்மா இருக்குமா?" என்றாள் எதிர்வீட்டு அம்சவள்ளி. "இப்ப குழி வெட்டிக்கினு இருக்காங்க. மொத்தத் தண்ணியும் பூமிக்குள்ள எறக்கிடுவாங்க. அப்புறம் ஒன் போர்ல அதான் வரும். புள்ளைக்கு அதையே காய்ச்சிக் குடு."

இன்று சத்தம் கதவை ஒட்டியே கேட்டது. 'அருள் நிறைந்த மரியே'யைப் பாதியில் நிறுத்திவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தேன்.

எமர்ஜென்சி லைட்டைப் பிடித்தபடி நயினாரின் மனைவி சாந்திமதி. இடுப்பளவுக் குழிக்குள் நயினார், பனியன் நனைய, சல்லடையில் ஜல்லி அலசிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க நயினாரே?"

"நீதானம்மா சொன்ன. வடிகட்டறேன்."

நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இதுக்குத் துணி தாங்காது. அடியில பெரிய ஜல்லி, அப்புறம் பொடி ஜல்லி, மேல மணல். கசடெல்லாம் இந்தக் குழியிலயே தங்கிடும். பன்னீரா மாறிடாது. நாத்தம் அடங்கும், வடிஞ்சது என் தென்னைக்குப் போயிடும். அடியிலயும் சுத்திலும் சிமெண்டு பூசியிருக்கேன், ஒன் போருக்கு வராது."

"அதுக்கு இருட்டுலயா?"

"மில்லு ஓடினா தண்ணி வந்துக்கினே இருக்கும். கரண்ட் போனாதான் எறங்க முடியுது."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "உள்ள வாங்க. ரெண்டு பேருக்கும் தோசை ஊத்தறேன்."

"பொழுது எறங்கிட்டா நாங்க சாப்பிடறதில்லம்மா," என்றார் சாந்திமதி.

"அப்ப சாயங்காலமே சாப்பிட்டாச்சா?"

"எனக்கு ஆச்சு. இவருக்கு எங்க? சாப்பிடற நேரம் பார்த்துத்தான் கரண்ட் போவுது. திங்கக்கெழமையிலருந்து ராத்திரி வெறும் வயித்தோடதான் படுக்கறாரு."

"ஏ, லைட்ட நேரா புடி," என்றார் நயினார் குழிக்குள்ளிருந்து.

அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். நோன்பு இருக்க வேண்டியவள் நான்.

மறுநாள் கரண்ட் போவதற்கு முன்பே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொல்லையில் நின்றேன்.

"தின்னுட்டு எறங்குங்க. பொழுது இன்னும் இருக்குது."

"கான்வென்ட்ல இப்படித்தான் மெரட்டச் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பழத்தை உரித்தார். குழி மூடும்வரை தினமும் உரித்தார்.

பங்குனி வெயிலில் சுவரோரம் காய்ந்தது. ஈஸ்டர் கழிந்து ஓர் இரவு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. கதவைச் சாத்தி, சும்மா தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தேன்.

சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.